‘சொந்த ஜனம்’ என்ற வாக்குத்தத்தத்தை முழுசாகப் படிப்பது எப்படி

புது வருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (தேவனுடைய வாக்குறுதியாக ஒரு வசனம் அச்சடித்தது) உங்களுக்கு உபாகமம் 7:6 வந்திருக்கலாம், இல்லாவிட்டால் 1 பேதுரு 2:9. ‘நீங்களே எனக்குச் சொந்த சம்பத்து’ (சம்பத்து என்றால் பொக்கிஷம்) என்று தங்க எழுத்தில் அச்சடித்த காலண்டர் உங்கள் வீட்டு ஹாலிலும் தொங்கலாம். நல்ல வசனங்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அட்டையில் இடம் கம்மி என்பதால் பெரும்பாலும் பாதி வசனம்தான் அச்சாகிறது, விட்டுப்போன பாதியில்தான் வேலையே இருக்கிறது. அந்தப் பாதியையும் சேர்த்து எப்படிப் படிப்பது, வீட்டு ஜெபக்கூட்டத்திலோ வாலிபர் கூட்டத்திலோ எப்படி நடத்துவது, திங்கட்கிழமை காலையில் அதை வைத்து என்ன செய்வது என்று இங்கே எழுதுகிறேன். தனியாகப் படிக்கிறவர்களும் இப்படிச் செய்யலாம். நாலு பேராகச் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது, காரணம் பேதுருவுக்கு வரும்போது சொல்கிறேன்.

தேவைப்படுவது அதிகமில்லை. பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம், ஒரு நோட்டு, ஒரு பென்சில். ஒத்துவாக்கிய வேதாகமம் (ஒத்துப்போகிற மற்ற வசனங்களையும் குறித்திருப்பது) இருந்தால் வசதி. போனில் உள்ள ஆப் வசனத்தைத் தேடிப் பிடிக்க ரொம்ப உதவும், ஆனால் படிக்கும்போது அச்சுப் புத்தகத்தையே வையுங்கள், ஏனென்றால் ஆப்பில் தேடினால் அந்த ஒரு வசனம் மட்டும் தனியாக வந்து நிற்கும், மேலே என்ன இருந்தது கீழே என்ன இருந்தது என்று கண்ணில் படாது, இந்தப் பாடத்துக்கு மேலும் கீழும்தான் முக்கியம்.

எடுக்க வேண்டிய பகுதிகள்: யாத்திராகமம் 19:1-6, உபாகமம் 7:1-8, அதோடு 9:4-6, ஆமோஸ் 3:1-2, லேவியராகமம் 19 முழுவதும், மல்கியா 3:13-18, 1 பேதுரு 2:4-12. நேரம் இருந்தால் உபாகமம் 14, 26 அதிகாரங்களும் தீத்து 2:11-14-ம். ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நாலு வாரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் மூன்றே கேள்விதான்: இதற்கு முன்னால் என்ன நடந்தது, தேவன் ஏன் இந்த ஜனத்தைத் தெரிந்துகொண்டார் (அதாவது தேர்ந்தெடுத்தார்) என்று சொல்கிறது, அடுத்து என்ன செய்யச் சொல்கிறது. நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டு எழுதிக்கொண்டே வந்தால் மூன்றாவது வாரத்தில் பதில்கள் தானாக ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும்.

முதல் வாரம்: சீனாய் மலையடி

யாத்திராகமம் 19-ஐத் திறந்தவுடன் ஐந்தாம் வசனத்துக்குத் தாவாதீர்கள். ஒருவரை 12-ஆம் அதிகாரத்திலிருந்து தலைப்புகளை மட்டும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பஸ்கா, செங்கடல், மன்னா, கன்மலையிலிருந்து தண்ணீர், அமலேக்கியரோடு யுத்தம், அப்புறம் மூன்றாம் மாதத்தில் சீனாய் வனாந்தரம். பத்துக் கட்டளை வருவது 20-ஆம் அதிகாரத்தில். ஆக, இஸ்ரவேல் ஜனங்களை எகிப்திலிருந்து வெளியே கொண்டுவந்தது முதலில், கட்டளை கொடுத்தது பிறகு. ‘கழுகுகளுடைய செட்டைகளின்மேல் உங்களைச் சுமந்து, உங்களை என்னண்டையிலே சேர்த்துக்கொண்டேன்’ என்று நாலாம் வசனம் முடிந்துவிட்ட காரியமாகத்தான் பேசுகிறது. நடுவில் அந்த ஜனங்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? சாப்பாட்டுக்கு முறுமுறுத்தார்கள், தண்ணீருக்குச் சண்டை போட்டார்கள். ‘ஒழுங்காக இருந்தால் சேர்த்துக்கொள்வேன்’ என்று யாரும் அவர்களிடம் பேரம் பேசவில்லை.

சரி, ஐந்தாம் வசனத்தில் ‘கைக்கொள்வீர்களானால்’ என்று நிபந்தனை இருக்கிறதே என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். கேட்க வேண்டும், கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். மீட்கப்பட்டதற்கு அங்கே நிபந்தனை இல்லை. மீட்கப்பட்டவர்கள் எந்தப் பொறுப்பில் வாழப் போகிறார்கள் என்பதற்குத்தான் நிபந்தனை. அந்தப் பொறுப்பு ஆறாம் வசனத்தில் இருக்கிறது: ‘நீங்கள் எனக்கு ஆசாரிய ராஜ்யமும் பரிசுத்த ஜாதியுமாய் இருப்பீர்கள்.’ (பழைய மொழிபெயர்ப்பில் ஜாதி என்றால் ஒரு தேசத்து ஜனம், சாதி இல்லை.)

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஐந்தாம் வசனத்தின் கடைசியில் ‘பூமியெல்லாம் என்னுடையது’ என்று ஒரு சின்ன வாக்கியம் இருக்கிறது, அட்டைகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். எல்லாமே அவருடையது என்றால் இவர்கள் மட்டும் எப்படிச் சொந்த சம்பத்து? அந்தக் காலத்து ராஜாவுக்கு நாடு முழுவதும் சொந்தம், ஆனாலும் அரண்மனைக் கணக்கில் சேராமல் அவருக்கே உரிய பொன்னும் வெள்ளியும் தனியாக இருக்கும். 1 நாளாகமம் 29:3-4-ல் தாவீது தன்னிடம் அப்படி இருந்ததிலிருந்து ஓப்பீரின் தங்கம் 3,000 தாலந்தும் சுத்த வெள்ளி 7,000 தாலந்தும் ஆலயத்துக்குக் கொடுக்கிறார். இதை வாசிக்கும்போது பலருக்கும் அந்த எடைதான் கண்ணில் படும். எனக்கு முக்கியமாகப் படுவது, தன் சொந்தப் பொக்கிஷத்தை அந்த ராஜா என்ன செய்தார் என்பது. பூட்டி வைக்கவில்லை, எடுத்துச் செலவு செய்தார். தம்முடைய சம்பத்து என்று சொன்னவர்களையே தேவன் அடுத்த மூச்சில் ஆசாரியர் என்று வேலைக்கு வைப்பதும் அப்படித்தான்.

அப்புறம் கூட்டத்தில் இந்தக் கேள்வியைப் போடுங்கள்: ஆசாரியன் என்றால் அவனுக்குப் பின்னால் ஒரு ஜனக்கூட்டம் இருக்க வேண்டும், அவர்களுக்காகத்தானே அவன் தேவ சந்நிதிக்குள்ளே போகிறான். ஒரு ஜனம் முழுவதுமே ஆசாரியர் என்றால் அவர்கள் யாருக்காக உள்ளே போகிறார்கள்? பதில் வர நேரம் ஆகும், அவசரப்பட்டு நீங்களே சொல்லிவிடாதீர்கள். யாராவது ஆதியாகமம் 12:3-ஐ எடுப்பார்கள், ‘பூமியிலுள்ள வம்சங்களெல்லாம்’ என்று ஆபிரகாமுக்குச் சொன்னது. எடுக்காவிட்டால் நீங்கள் எடுங்கள்.

முடிப்பதற்கு முன்னால் யாத்திராகமம் 28-ல் பிரதான ஆசாரியனின் உடுப்பைப் பாருங்கள். தோள்பட்டையில் இரண்டு கோமேதகக் கற்கள், ஒவ்வொன்றிலும் ஆறு கோத்திரங்களின் பெயர் வெட்டப்பட்டிருக்கும். மார்ப்பதக்கத்தில் பன்னிரண்டு கற்கள், கல்லுக்கு ஒரு பெயர். அவன் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது அந்தப் பெயர்களைத் தோளிலும் நெஞ்சிலும் சுமந்துகொண்டு போக வேண்டும். இதிலிருந்து வீட்டுப்பாடம் கொடுங்கள்: ஒவ்வொருவரும் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர்கள் எழுத வேண்டும், சொந்த வீட்டார் பெயர் கூடாது, சபையார் பெயரும் கூடாது. மாடி வீட்டுக்காரர், ஆபீஸில் ஒத்துப்போகாத சூபர்வைசர், காலையில் பால் பாக்கெட் போடும் பையன், இப்படி. பால் போடும் பையனின் பெயர் தெரியாது என்று பாதிப் பேர் திரும்பி வருவார்கள். அப்படியானால் அந்த வாரத்தின் முதல் வேலை பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது.

இரண்டாம் வாரம்: ஏன் நம்மை?

வேதாகமத்தைத் திறக்கும் முன்னால் ஒரு சின்னப் பயிற்சி. ‘தேவன் என்னை ஏன் தெரிந்துகொண்டார்’ என்று ஒவ்வொருவரும் ஒரே வரியில் எழுதட்டும். என் பாட்டி முழங்காலில் நின்று ஜெபித்ததால், நான் சின்ன வயதிலிருந்தே சண்டே ஸ்கூல் தவறாததால், எங்கள் குடும்பம் ஊழியக் குடும்பம் என்பதால், என்னிடம் ஒரு தாலந்து, அதாவது திறமை, இருப்பதால். எழுதி முடித்ததும் உபாகமம் 7:7. ‘சகல ஜனங்களிலும் நீங்கள் திரட்சியான ஜனமென்று கர்த்தர் உங்கள்பேரில் அன்புவைத்து உங்களைத் தெரிந்துகொள்ளவில்லை, நீங்கள் சகல ஜனங்களிலும் கொஞ்சமாயிருந்தீர்கள்.’ எட்டாம் வசனத்தில் காரணம் வருகிறது: அவர் அன்புகூர்ந்தார், பிதாக்களுக்கு இட்ட ஆணையைக் காக்க வேண்டும் என்றிருந்தார். அவ்வளவுதான். அன்புகூர்ந்ததால் அன்புகூர்ந்தார் என்பதைத் தாண்டி அந்த வசனம் உங்களை எங்கும் கூட்டிப் போகாது. பிறகு 9:4-6 வாசியுங்கள், ‘என் நீதியினிமித்தம்’ என்று இருதயத்தில் சொல்லாதே என்று எச்சரித்துவிட்டு, நீ வணங்காக் கழுத்துள்ள ஜனம் என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறது. எழுதிய காகிதத்தைக் கிழித்துப் போடச் சொல்ல வேண்டாம், பாட்டியின் ஜெபம் உண்மைதான். அதைக் காரணம் என்ற இடத்திலிருந்து எடுத்து நன்றி என்ற இடத்தில் வைத்தால் போதும்.

இதே அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்களைத் தாண்டிப் போகலாம் என்று ஆசையாக இருக்கும். தாண்டாதீர்கள், யாராவது வீட்டுக்குப் போய் வாசித்துவிட்டுத் தனியாகக் குழம்பிப்போவார்கள். கானானின் ஏழு ஜாதிகளைச் சங்காரம் பண்ணச் சொல்கிற பகுதி அது, கஷ்டமான பகுதிதான், ஒரு கூட்டத்தில் அதற்கு முடிச்சுப் போட்டு அனுப்ப முடியாது. ஆனால் மூன்று விஷயத்தை அதன் பக்கத்தில் வைக்கலாம். எரிகோவின் ராகாபும் மோவாபின் ரூத்தும் வெளியிலிருந்து வந்து இயேசுவின் வம்சவரலாற்றிலேயே இடம் பிடித்தார்கள் (மத்தேயு 1:5). நீங்கள் மறந்துபோனால் அந்த ஜாதிகளைப்போலவே நீங்களும் அழிவீர்கள் என்று அடுத்த அதிகாரமே இஸ்ரவேலையும் அதே தராசில் நிறுத்துகிறது (8:19-20). அந்நியனைச் சிநேகியுங்கள், எகிப்தில் நீங்களும் அந்நியர்தான் என்று 10:19 கட்டளையிடுகிறது. இந்த முதல் ஐந்து வசனங்களை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரர்மேல் பிரயோகிக்கிற பிரசங்கம் எங்கே கேட்டாலும் எழுந்து வந்துவிடலாம், அது என் அபிப்பிராயம்.

அப்புறம் ஆமோஸ் தீர்க்கதரிசி. தெக்கோவா ஊர் மேய்ப்பன், காட்டத்திப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவர், இரண்டாம் யெரொபெயாம் ராஜாவின் காலத்தில், கி.மு. 8-ஆம் நூற்றாண்டில், நாடு செழிப்பாக இருந்தபோது வடக்கே பெத்தேலுக்குப் போய்ப் பேசியவர். தந்தக் கட்டில்களில் படுத்துக்கொண்டு, எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றுக்கொண்டிருந்த கூட்டத்துக்கு ‘நாம் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள், நமக்கு ஒன்றும் ஆகாது’ என்று பெரிய தைரியம். அவர்களுக்குத்தான் 3:2: ‘பூமியின் எல்லா வம்சங்களுக்குள்ளும் உங்களைமாத்திரம் அறிந்துகொண்டேன், ஆகையால் உங்களுடைய எல்லா அக்கிரமங்களினிமித்தமும் உங்களைத் தண்டிப்பேன்.’ அந்த ‘ஆகையால்’ மேல் பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள். ‘ஆகையால் ஆசீர்வதிப்பேன்’ என்று வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். இந்த வசனத்தை அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை நான் இதுவரை பார்த்ததில்லை.

மூன்றாம் வாரம்: பிரித்தெடுக்கப்பட்டவர்கள் எப்படி இருப்பார்கள்

பிரித்தெடுக்கப்பட்ட ஜனம் என்றவுடன் நம் சபைகளில் நகை, வெள்ளைப் புடவை, சினிமா, இதில்தான் பேச்சு போய் நிற்கும். அது அவரவர் சபை ஒழுங்கு, அதைக் கிண்டல் செய்கிறவர்களோடு நான் சேரவில்லை. ஆனால் பேதுரு ‘நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்’ என்று எடுத்து எழுதுகிற வார்த்தை லேவியராகமப் புத்தகத்திலிருந்து வருவது, அங்கே பத்தொன்பதாம் அதிகாரமே அதை வைத்துத்தான் தொடங்குகிறது. அதனால் அந்த அதிகாரம் பரிசுத்தம் என்று எதையெல்லாம் சொல்கிறது என்று பார்ப்பதுதான் நியாயம்.

கூட்டத்தில் எல்லாரும் ஆளுக்குச் சில வசனங்கள் எடுத்துக்கொண்டு, தன் பங்கில் யாருடைய நன்மை பேசப்படுகிறது என்று மட்டும் சொல்லட்டும். வயலின் ஓரத்தை முழுவதும் அறுக்காதே: எளியவனும் பரதேசியும் (வெளியிடத்திலிருந்து வந்து தங்கியிருப்பவன்). செவிடனை நிந்திக்காதே, குருடன் முன் தடுக்கல் வைக்காதே. நியாயத்தீர்ப்பில் சிறியவன் பெரியவன் என்று பார்க்காதே. நரைத்தவனுக்கு முன் எழுந்திரு. அந்நியனை உன்னைப்போல நேசி. படிக்கல்லும் மரக்காலும் சரியாக இருக்கட்டும். ‘உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக’ என்று இயேசு எடுத்துச் சொன்ன கட்டளையும் இந்த அதிகாரத்தில்தான் இருக்கிறது, 18-ஆம் வசனம். நடுவே இரண்டு வகை நூல் கலந்த வஸ்திரம் உடுத்தாதே என்றும் வரும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு தம்பி அரை மணி நேரம் ஓட்டப் பார்ப்பார். அது இஸ்ரவேலுக்கு அடையாளமாகக் கொடுத்த ஒழுங்கு, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று நகருங்கள்.

நிறுத்த வேண்டிய இடம் 13-ஆம் வசனம்: ‘கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது.’ வீடு கட்டியவர்களுக்கு இது உடனே புரியும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி, கொத்தனாரும் சித்தாள்களும் கைகால் கழுவிவிட்டு, சிமெண்ட் ஒட்டின துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டு ஓனர் வெளியே வருவதற்காகக் காம்பவுண்ட் ஓரமாக நிற்பார்கள். ஓனர் வந்து, ‘ஏடிஎம்-ல பணம் இல்லம்மா, திங்கட்கிழமை சேர்த்து வாங்கிக்கோ’ என்பார். அந்த அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை உலை வைக்க அந்தக் காசுதான். மறுநாள் ஓனர் ஆராதனையில் ‘பரிசுத்தர் பரிசுத்தர்’ என்று கை உயர்த்தினால் பதின்மூன்றாம் வசனத்தின்படி அவர் பரிசுத்தம் முந்தின நாள் சாயங்காலமே கேட்டில் வைத்து முடிந்துபோனது. ஆகவே இந்த வாரத்தின் வீட்டுப்பாடம் பணம் சம்பந்தப்பட்டது: யாருக்கு என்ன பாக்கி என்று எழுதிக் கொடுத்து முடியுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளம் ஒன்றாம் தேதி போகிறதா, ஐந்தாம் தேதி இழுக்கிறதா? லீவு எடுத்தால் பிடித்தம் செய்கிறோமா? சின்ன வியாபாரம் வைத்திருப்பவர்கள் தராசையும் பில்லையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் உபாகமம் 14-ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். ‘சொந்த ஜனம்’ என்று இரண்டாம் வசனத்தில் ஆரம்பிக்கிற அதிகாரம், எதைச் சாப்பிடலாம் எதைச் சாப்பிடக் கூடாது என்று போய், கடைசியில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தசமபாகத்தை (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) ஊர் வாசலில் வைத்து லேவியனும் (ஆலய ஊழியக் கோத்திரத்தான்) பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிடட்டும் என்று முடிகிறது. தசமபாகத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கடைசி இரண்டு வசனம் அவ்வளவாகப் பழக்கமில்லை.

நாலாம் வாரம்: பேதுருவின் கடிதம்

முதலில் விலாசத்தைப் பாருங்கள். பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா. இன்றைக்குத் துருக்கி இருக்கிற நிலப்பரப்பு. அங்கே சிதறிக் கிடந்தவர்களைப் பேதுரு அந்நியர், பரதேசிகள் என்றே கூப்பிடுகிறார். கடிதத்தை ஓட்டமாக வாசித்தாலே ஆட்கள் யார் என்று தெரிந்துவிடும்: முரட்டு எஜமான்களிடம் அடி வாங்குகிற வேலைக்காரர், விசுவாசியாத புருஷனோடு வாழ்கிற மனைவிகள், பழைய கூட்டாளிகளோடு குடிக்கப் போகாததால் தூஷணம் கேட்கிறவர்கள். ஊரில் மதிப்பு மரியாதை என்று எதுவும் இல்லாத கூட்டம். அவர்களுக்குத்தான் அந்த நாலு பட்டமும்: தெரிந்துகொள்ளப்பட்ட சந்ததி, ராஜரீகமான ஆசாரியக்கூட்டம், பரிசுத்த ஜாதி, அவருக்குச் சொந்தமான ஜனம். சீனாயில் இஸ்ரவேலுக்குச் சொன்னதையும் ஏசாயா 43:20-21-ல் சொன்னதையும் எடுத்து இவர்கள் தலையில் வைக்கிறார்.

இதே பகுதியிலிருந்து வேறொரு கடிதமும் நமக்குக் கிடைத்திருக்கிறது. பித்தினியா, பொந்து பகுதியின் ரோம ஆளுநர் பிளினி, கி.பி. 112 வாக்கில் பேரரசர் திராயானுக்கு எழுதியது. கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்டு எழுதுகிறார். குறிப்பிட்ட நாளில் விடிவதற்கு முன்னே கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, வாக்குத் தவறுவதில்லை, நம்பிக் கொடுத்து வைத்த பொருளைக் கேட்டால் இல்லை என்று சொல்வதில்லை என்று உறுதி எடுத்துக்கொள்கிறார்கள் என்கிறார். இன்னும் உண்மை தெரிய வேண்டும் என்று சபையில் ஊழியம் செய்துவந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததையும் அவரே எழுதுகிறார். அந்த இரண்டு பெண்களை மனதில் வைத்துக்கொண்டு 2:9-ஐ மறுபடி வாசியுங்கள்.

இப்போது ஏன் நாலு பேராகப் படிக்கச் சொன்னேன் என்பது. சந்ததி, கூட்டம், ஜாதி, ஜனம், இந்த நாலில் ஒன்றையும் ஒரு ஆள் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. ‘நான் தேவனுடைய விசேஷித்த பொக்கிஷம்’ என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொள்வது மனசுக்குத் தெம்பாக இருக்கலாம், ஆனால் பேதுரு பேசுவது ‘நீங்கள்’ என்று பலரிடம். அந்தப் பலரில் உங்களுக்குப் பிடிக்காதவரும் உண்டு, உங்களோடு பேசாதவரும் உண்டு. அப்புறம் அந்த வாக்கியத்தில் ‘அறிவிக்கும்படிக்கு’ என்று நோக்கம் வருகிறது: அந்தகாரத்திலிருந்து வரவழைத்தவருடைய புண்ணியங்களை அறிவிக்க. அதைத் தொடர்ந்து 12-ஆம் வசனம் நற்கிரியைகளைப் பற்றிப் பேசுகிறது, புறஜாதியார் கண்டு தேவனை மகிமைப்படுத்தும்படி. பட்டங்களை மட்டும் வெட்டி எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் அந்த இரண்டையும் சேர்த்துப் போடலாம்.

இங்கே நம் ஊர்க் காரியம் ஒன்றைப் பேசாமல் போனால் படிப்பு அரைகுறைதான். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கத்தோலிக்கக் கோவில், பலிபீடம் ஒன்று, ஆனால் அதிலிருந்து இரண்டு கால் விரித்ததுபோல இரண்டு நீள மண்டபம், ஒரு சாதியார் இந்தப் பக்கம், மற்ற சாதியார் அந்தப் பக்கம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பூசை காணலாம். பிறகு அந்தப் பிரிவினையை எடுத்தபோது வழக்கு நீதிமன்றம் வரை போனது. பழைய கதை என்று சொல்ல ஆசைதான். தனித்தனிக் கல்லறைத் தோட்டமும், வரன் தேடும் விளம்பரத்தில் ‘இரட்சிக்கப்பட்ட’ என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் இன்றைக்கும் இருக்கிறது. ‘முன்னே நீங்கள் தேவனுடைய ஜனங்களாயிருக்கவில்லை’ என்று பத்தாம் வசனம் எல்லாரையும் ஒரே இடத்திலிருந்து கூட்டி வருகிறது. அங்கே யாருக்கும் பூர்வீகப் பெருமை பேச இடமில்லை. கூட்டத்தில் இதை எடுத்தால் அமைதியாகிவிடும், சிலர் போனை எடுத்துப் பார்ப்பார்கள். பரவாயில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள்: நம் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சில் இந்த வசனத்துக்கு ஒரு நாற்காலி உண்டா?

கூட்டத்தில் கட்டாயம் வரும் கேள்விகள்

‘அப்படியானால் யூதர்களுடைய இடம் நமக்கு வந்துவிட்டதா?’ ரோமர் 9 முதல் 11 வரை வாசிக்கச் சொல்லுங்கள். யூதரல்லாமல் பிறகு வந்து சேர்ந்தவர்களை ஒட்டவைக்கப்பட்ட காட்டொலிவக் கிளை என்று சொல்லி, மற்றக் கிளைகளுக்கு விரோதமாகப் பெருமை பாராட்டாதே என்கிறது 11:18, தேவனுடைய அழைப்பு மாறாதது என்கிறது 11:29. வேரின் மேல் நிற்கிறவர்கள் வேரைத் திட்டக் கூடாது, இன்றைய அரசியலுக்கு இந்த வசனங்களை வைத்து வக்காலத்து வாங்கவும் வேண்டாம்.

‘மற்றவர்கள் தேவனுக்குப் பொக்கிஷம் இல்லையா?’ இதைப் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள் கேட்பார்கள், வேறு மதத்து நண்பர்கள் இருப்பதால். முதல் வாரத்துப் ‘பூமியெல்லாம் என்னுடையது’-ஐ எடுங்கள். அதோடு ஏசாயா 19:25. இஸ்ரவேலை அடிமையாக்கிய எகிப்து, பின்னால் இஸ்ரவேலைச் சிறைபிடித்த அசீரியா, இந்த இரண்டையும் சேர்த்து ‘எகிப்தியராகிய என் ஜனமும், அசீரியராகிய என் கரத்தின் கிரியையும், இஸ்ரவேலராகிய என் சுதந்தரமும்’ என்று ஒரே மூச்சில் ஆசீர்வதிக்கிற வசனம். இதற்குமேல் நீங்கள் விளக்கம் சொல்லாமல் அவர்களையே பேச விடுங்கள், நல்ல கூட்டமாக அமையும்.

கடைசிக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்க மாட்டார்கள். வீட்டில் கடன், உடம்பில் வியாதி, மகனுக்கு வேலை இல்லை, ‘நான் சம்பத்து என்றால் இதெல்லாம் ஏன்’ என்று ஒருவர் மூலையில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு மல்கியா 3. ‘தேவனைச் சேவிப்பது விருதா’ என்று ஊரே அலுத்துப்போய்ப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போதுதான் கர்த்தருக்குப் பயந்த சிலர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள், கர்த்தர் கவனித்துக் கேட்கிறார், ஞாபகப்புஸ்தகம் எழுதப்படுகிறது. ‘என் சம்பத்தைச் சேர்க்கும் அந்நாளிலே அவர்கள் என்னுடையவர்களாயிருப்பார்கள்’ என்கிற வாக்கு வருகிறது, இனி வரப்போகிற ஒரு நாளைப் பற்றி. அவர்கள் கஷ்டம் அந்த வாரமே தீர்ந்ததாக அந்த அதிகாரம் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். விசுவாசம் குறைவோ என்று அவரிடம் கேட்கவும் வேண்டாம். கூட்டம் முடிந்து மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி பில் எவ்வளவு வந்தது, அடுத்த செக்கப் எந்தக் கிழமை, வண்டி ஏற்பாடு பண்ணட்டுமா என்று கேளுங்கள்.